உறங்க மறுக்கும் திரை

இயந்திரங்களைக் குறித்து மனிதர் கூறும் முறைப்பாடுகள் பெரும்பாலும் அவை இயங்கவில்லை என்பதாகவே அமைவன. நீரிறைக்கும் இயந்திரம் இறைக்கவில்லை, வானொலி பேசவில்லை, மின்விளக்கு எரியவில்லை. கணினியின் வருகைக்குப் பின்னர் இதற்கு நேர்மாறான முறைப்பாடொன்றும் வழக்கில் வந்துள்ளது. ஓய்வுகொள்ள வேண்டிய வேளையில் இயந்திரம் ஓய்வுகொள்ள மறுக்கின்றது என்பதே அது. கும்பகருணனைத் துயிலெழுப்புதற்கு இலங்கை வேந்தனின் ஏவலர் பட்ட பாட்டைக் கம்பராமாயணத்திற் கற்றவர்க்கு, ஒன்றைத் துயிலவைத்தல் அதனினும் அரிய செயலாதல் கூடும் என்பது வியப்பாகத் தோன்றலாம். லினக்ஸ் பணிசெயல் முறைமையில் இயங்கும் மடிக்கணினியொன்றின் திரையை உறங்கவைக்க முயன்று களைத்தவர் அவ்வாறு வியக்கமாட்டார்.

கோளாற்றின் தோற்றம் மிக எளியது. மடிக்கணினியின் உரிமையாளர் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 5 நிமிட நேரம் எவரும் தொடாதிருப்பின் திரை அணையவேண்டும் எனக் குறித்துவிடுகின்றார். குறித்தது பதிவாகியும் உள்ளது. ஆயினும் 5 நிமிடம் கழிகின்றது. 50 நிமிடம் கழிகின்றது. திரை எரிந்துகொண்டே இருக்கின்றது. பிழைச்செய்தி எதுவும் தோன்றுவதில்லை. இயங்காத இயந்திரம் தன் குறையைத் தானே காட்டிக்கொள்ளும். ஓயாத இயந்திரமோ எல்லாம் செவ்வனே நடைபெறுவது போன்ற தோற்றத்தையே தரும். இக்கோளாற்றை ஆராய்வோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது.

திரை ஏன் உறங்கவேண்டும் என்ற வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. கதோட்டுக் கதிர்க் குழாயினாலான பழைய திரைகளில், இலத்திரன் கற்றையானது கண்ணாடியின் உட்புறத்தே பூசப்பட்ட ஒளிர்பொருளைத் தாக்குவதனாலேயே உருவம் தோன்றியது. ஒரே உருவம் நெடுங்காலம் ஓரிடத்தில் நிலைத்து நிற்குமாயின், அவ்விடத்துப் பூச்சு ஏனைய இடங்களை விட விரைவாக நலிந்து, திரையை அணைத்த பின்னரும் அவ்வுருவத்தின் வடு தங்கிவிடும். இதனைத் தவிர்க்கும் பொருட்டு 1983இல் ஜோன் சோச்சா என்பவர் ஐ.பி.எம். தனியாட் கணினிக்கென ஒரு சிறு நிரலை எழுதி வெளியிட்டார். விசைப்பலகை சிறிது நேரம் தொடப்படாதிருப்பின் அந்நிரல் திரையை வெறுமையாக்கியது. திரைக்காப்பு என்னும் சொல் அக்காலத்தில் நேர்ப்பொருளிலேயே வழங்கிற்று, காக்கப்பட்டது திரையே.

பின்னர் மின்சிக்கனம் என்னும் நோக்கு முன்னிடம் பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் சூழற் பாதுகாப்பு முகவரகம் 1992இல் எனர்ஜி ஸ்ரார் என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் முத்திரை முதன்முதலில் கணினிகளுக்கும் திரைகளுக்குமே வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டில், அதாவது 1993இல், வெசா என்னும் நியமச் சங்கம் டீ.பி.எம்.எஸ். எனச் சுருக்கமாக வழங்கப்படும் திரைமின் முகாமைச் சைகை முறையை வெளியிட்டது. கணினி திரைக்கு இடையறாது அனுப்பிக்கொண்டிருந்த கிடை, நிலை ஒத்திசைவுச் சைகைகளுள் ஒன்றையோ இரண்டையுமோ நிறுத்துவதன் மூலம், காத்திரு, இடைநிறுத்தம், அணைவு என்னும் மூன்று படிகளுள் எதனைத் திரை மேற்கொள்ளவேண்டும் என்பது உணர்த்தப்பட்டது. கட்டளையைச் சொல்லால் அறிவியாது, வழமையான ஒலி நின்றுபோனமையால் அறிவித்த இவ்வேற்பாடு நுட்பமானது. இன்றைய திரவப் பளிங்குத் திரைகளில் இம்மூன்று படிகளுக்குமிடையே கருதத்தக்க வேறுபாடு இல்லையெனினும், பெயர்கள் மட்டும் மென்பொருள்களில் நிலைத்துவிட்டன.

திரவப் பளிங்குத் திரை தானாக ஒளிர்வதன்று. அதன் பின்புறத்தேயுள்ள பின்னொளியே ஒளி தருவது. வேலை எதுவுமின்றி வெறுமனே திறந்திருக்கும் மடிக்கணினி செலவிடும் மின்சாரத்திற் பெரும்பங்கு இப்பின்னொளிக்கே செல்கின்றது. எனவே திரை கறுத்திருத்தலும் திரை அணைந்திருத்தலும் ஒன்றல்ல என்பது மனங்கொளத்தக்கது. கறுப்பு உருவமொன்றைக் காட்டிக்கொண்டு, பின்னொளி எரியும் நிலையில் திரை இருத்தல் கூடும். இருண்ட அறையிற் சாம்பல் நிறமான மங்கல் ஒளி தென்படுமாயின், திரை உறங்கவில்லை, கண்ணை மட்டும் மூடியிருக்கின்றது என்பது தெளிவு.

சிக்கனத்தினும் பெரியதொரு காரணமும் உண்டு. அண்மைக்கால மேசைச்சூழல்களில் திரை அணைதலும் கணினி பூட்டப்படுதலும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள். செயலற்ற நேரம் குறித்த எல்லையைத் தாண்டும்போது திரை அணைகின்றது. அணைந்ததைத் தொடர்ந்து பூட்டு விழுகின்றது. மீண்டும் திறப்பதற்குக் கடவுச்சொல் வேண்டும். முதற் கண்ணி அறுந்தால் இரண்டாவதும் இல்லை. உறங்காத திரை, பூட்டப்படாத கதவாகிவிடுகின்றது. பலர் கூடிப் பயன்படுத்தும் அறையில், மாணவர்தம் புள்ளிப் பட்டியலோ, வெளியிடப்படாத வினாத்தாளோ, ஒருவரின் அந்தரங்கக் கடிதமோ திறந்திருக்கும் வேளையில் இது சிறிய குறையன்று. மின்சாரத்தைப் பொறுத்தவரையிலும், 2022ஆம் ஆண்டின் மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த இலங்கை மாணவர்க்கு, மின்கலத்தில் எஞ்சிய ஒவ்வொரு நிமிடத்தின் பெறுமதியையும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி, திரையை உறங்குமாறு பணிப்பவர் யார் என்பதை நோக்குதல் வேண்டும். 1992இல் இன்ரெல், மைக்ரோசொப்ற் ஆகிய நிறுவனங்கள் வகுத்த ஏ.பி.எம். என்னும் முறையில், மின்சிக்கனம் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் கணினியின் அடிப்படை நிலைபொருளிடமே விடப்பட்டிருந்தன. 1996இன் இறுதியில் இவ்விரு நிறுவனங்களும் தோஷிபாவும் சேர்ந்து வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் நியமம் அவ்வதிகாரத்தைப் பணிசெயல் முறைமைக்கு மாற்றியது. நிலைபொருள் அறிந்தது சிறிது. பணிசெயல் முறைமையோ எந்தச் செயலி இயங்குகின்றது, பயனர் இறுதியாக எப்போது விசையைத் தொட்டார் என்பனவற்றை அறியும். அறிந்தவனே முடிவுசெய்தல் நன்று என்பதே இம்மாற்றத்தின் அடிப்படை.

லினக்ஸில் இவ்வதிகாரம் ஒரே கையில் இருப்பதன்று. 1991இல் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பொருள் வரையறைப்படி கருப்பகுதி மட்டுமே. அதன்மீது சாளரங்களைத் தோற்றுவிப்பது நெடுங்காலமாக எக்ஸ் சாளர முறைமையாக இருந்தது. இது மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1984இல் தோன்றியது. லினக்ஸை விட மூத்தது. எக்ஸ் தனக்கெனத் திரைக்காப்புக் கடிகாரமொன்றையும் டீ.பி.எம்.எஸ். கடிகாரமொன்றையும் கொண்டுள்ளது. இயல்பில் இவை 600 செக்கன், அதாவது 10 நிமிடம் என அமைந்திருக்கும். அதன் மேல் அமையும் ஜினோம், கே.டி.ஈ. முதலிய மேசைச்சூழல்கள் தத்தமக்கென மின்முகாமைச் செயலிகளை வைத்துள்ளன. 1992 முதல் ஜேமி சவின்ஸ்கி எழுதிப் பேணிவரும் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்னும் திரைக்காப்பு நிறுவப்பட்டிருப்பின், அது எக்ஸின் கடிகாரங்களைத் தன் விருப்பப்படி மாற்றியமைக்கும். இவற்றுக்கெல்லாம் அடியில், 2010இல் தோன்றிய சிஸ்ரம்டி என்னும் தொகுதியின் உள்நுழைவு முகாமையாளர், மடிக்கணினியின் மூடியை மூடினால் என்செய்வது, செயலற்றிருந்தால் என்செய்வது என்பனவற்றுக்குத் தனி விதிகளைக் கொண்டுள்ளது.

ஆக, ஒரு வீட்டில் விளக்கை அணைக்கும் பொறுப்பு ஐவருக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது. ஐவருள் ஒருவர் அணைத்திருப்பார் என்று ஏனையோர் கருதிக்கொள்ளுதலும், ஒருவர் அணைத்ததை மற்றொருவர் மீண்டும் ஏற்றுதலும் இத்தகைய வீடுகளில் நிகழ்வன. எக்ஸின் நிலையை அறிதற்குரிய எக்ஸ்செற் என்னும் கட்டளையைப் பயன்படுத்திப் பார்க்கும் புதியவர், கடிகாரங்களில் 600 என்பதற்குப் பதிலாகப் பூச்சியத்தைக் கண்டு, குற்றவாளி அகப்பட்டான் என மகிழ்தல் உண்டு. சில மேசைச்சூழல்கள் கடிகாரப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டமையால், எக்ஸின் கடிகாரத்தை வேண்டுமென்றே நிறுத்திவைக்கின்றன. அதனை அறியாது அவ்விடத்தில் 300 என எழுதுபவர் கோளாற்றைத் தீர்ப்பதில்லை. ஒரு கடிகாரம் இருந்த இடத்தில் இரண்டை ஓடவிடுகின்றார்.

நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து, பின்னரே பொருந்தும் வகையாற் செயற்படவேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்த ஒழுங்கு. கணினிக் கோளாறுகளைப் பொறுத்தவரை இவ்வொழுங்கு பெரும்பாலும் தலைகீழாகவே பின்பற்றப்படுகின்றது. மருந்து முதலில் வந்துவிடுகின்றது. முறைமையை முற்றாக அழித்து மீள நிறுவுக என்பது ஒரு மருந்து. 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரையை வலிந்து அணைக்கும் சிறு நிரலொன்றை எழுதிவிடுக என்பது மற்றொன்று. முன்னையது சிலவேளை பயன்தரும். ஆயினும் எது பயன்தந்தது என்பது ஒருபோதும் தெரியவராது. கோளாறு மீண்டும் தோன்றும்போது அறிவு முன்னிருந்த இடத்திலேயே நிற்கும். பின்னையது, படித்துக்கொண்டிருப்பவரின் முன்னும் திரையை அணைத்துவிடும். அதனினும் பெருங்குறை, அவ்வாறு அணைக்கப்பட்ட திரை பூட்டப்பட்டதன்று என்பது. எவரேனும் ஒரு விசையைத் தொட்டமாத்திரத்தில் உள்ளிருந்தது அனைத்தும் வெளிப்படும். இருள் இருக்கும், காவல் இராது.

ஆராய்வுக்கு உகந்த முதற்படி, கோளாற்றை இரு கூறாக்குவது. திரை அணைய இயலாதிருக்கின்றதா, அல்லது அணையுமாறு அதற்கு எவரும் சொல்லவில்லையா என்பதே பிரித்தறிய வேண்டியது. எக்ஸ் முறைமையில், திரையை உடனே அணையுமாறு வற்புறுத்தும் கட்டளையொன்று எக்ஸ்செற்றில் உண்டு. இதனைப் பயன்படுத்துவோர் பலர் ஏமாற்றமடைவர். திரை அணைந்த கணமே மீண்டும் ஏற்றிக்கொள்ளும். இதற்குக் காரணம் பெரும்பாலும் கோளாறன்று. கட்டளையை முடித்து உள்ளிடு விசையை அழுத்துதல் ஒரு நிகழ்வு; அதிலிருந்து விரலை எடுத்தல் மற்றொரு நிகழ்வு. அழுத்தியபோது திரை அணைகின்றது; விரலை எடுத்தபோது பயனர் வந்துவிட்டார் எனக் கருதி விழித்துக்கொள்கின்றது. ஆதலால் ஓரிரு செக்கன் காத்திருந்து பின்னர் அணைக்குமாறு கட்டளையை அமைத்தல் வேண்டும். ஆராய்பவனின் கையே ஆராயப்படும் பொருளைக் கலைத்துவிடுதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

இச்சோதனை மூன்று விடைகளுள் ஒன்றைத் தரும். திரை அணையவே இல்லையெனில், குறை திரையைச் செலுத்தும் மென்பொருளிலோ கருப்பகுதியிலோ இருத்தல் வேண்டும். அணைந்து அவ்வாறே இருப்பின், திரைக்கு உறங்கும் ஆற்றல் உண்டு. உறங்குமாறு பணிக்கும் கடிகாரமே தடைப்பட்டுள்ளது. அணைந்து, சிறிது நேரத்தில் எவரும் தொடாமலே மீண்டும் விழிப்பின், ஏதோவொரு சாதனம் அதனைத் தட்டியெழுப்புகின்றது.

மேற்கூறியவை நடைமுறையில் எவ்வாறு பின்னிப்பிணையும் என்பதைக் காட்டுதற்கு, தற்காலிக உதவி விரிவுரையாளர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எக்ஸ் முறைமையின் மேல் இயங்கும் மேசைச்சூழலைக் கொண்ட மடிக்கணினி அவருடையது. அது இருப்பது நால்வர் பங்கிட்டுக்கொள்ளும் அலுவலறையில். மேசையின்மேல் கண்ணாடி பதிக்கப்பட்டுள்ளது. திரையில் இரண்டாம் ஆண்டு மாணவர்தம் புள்ளிப் பட்டியல் திறந்திருக்கின்றது. விரிவுரைக்குச் சென்று ஒரு மணி நேரங்கழித்துத் திரும்பும்போது, பட்டியல் முன்போலவே ஒளிவிட்டுக்கொண்டிருப்பதைக் காண்கின்றார். எவர் பார்த்தார், எவர் பார்க்கவில்லை என்பதை அவர் அறியார். புள்ளிகளைத் திருத்திவிட்டுப் போவது எவர்க்கும் இயன்றிருக்கும் என்பதை மட்டும் அறிவார். அன்று மாலை அவர் விடைத்தாள்களை மீண்டும் எடுத்து, பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒப்புநோக்கி முடிக்கின்றார்.

நண்பர் இருவர் அவருக்கு ஆலோசனை கூறுகின்றனர். உலாவியில் ஏதேனும் இயங்கிக்கொண்டிருக்கும், அதனை மூடுக என்கின்றார் ஒருவர். அவர் மூடிப் பார்க்கின்றார், திரை உறங்கவில்லை, உலாவியை மீண்டும் திறந்துவைக்கின்றார். சுட்டியைக் கழற்றிப் பார்க்குக என்கின்றார் மற்றவர். கம்பியில்லாச் சுட்டியின் இணைப்பியைக் கழற்றிப் பார்க்கின்றார். அப்போதும் திரை உறங்கவில்லை. இணைப்பியை மீண்டும் செருகிவைக்கின்றார். இரு ஆலோசனைகளும் பயனற்றவை என்ற முடிவு இயல்பாகவே பிறக்கின்றது. ஆயின் இரண்டும் சரியானவை. காரணங்கள் இரண்டு, அவை ஒரே வேளையிற் செயற்பட்டன. ஒன்றை நீக்கியபோது மற்றையது திரையை விழிக்கவைத்தது. மற்றையதை நீக்கியபோது முன்னது மீண்டும் இடத்துக்கு வந்துவிட்டது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக, பயனில்லையெனில் பழைய நிலைக்கு மீள்க என்பது பரிசோதனைக்கூடங்களிற் கற்பிக்கப்படும் விதி. காரணம் ஒன்றாயின் அவ்விதி தவறாது. காரணம் இரண்டாயின், அதே விதி ஆராய்பவனை வட்டத்திற் சுற்றவைக்கும். இதிலிருந்து விடுபடும் வழி, விதியைக் கைவிடுவதன்று. அளவிடும் இடத்தை மாற்றுவது. திரை அணைந்ததா என்பது சங்கிலியின் இறுதி முனை; அங்கு எல்லாக் காரணங்களும் கலந்தே வெளிப்படும். சங்கிலியின் நடுவே, ஒரு காரணத்தை மட்டும் காட்டக்கூடிய இடத்தைத் தேடிக்கொள்ளுதல் வேண்டும்.

அத்தகைய இடமொன்று எக்ஸ் முறைமையில் உண்டு. பயனர் இறுதியாக விசையையோ சுட்டியையோ தொட்டு எத்தனை மில்லிசெக்கன் ஆயிற்று என்பதை எக்ஸ் எண்ணிக்கொண்டே இருக்கின்றது. எக்ஸ்பிரின்ற்ஐடில் என்னும் சிறு நிரல் அவ்வெண்ணைக் காட்டும். உதவி விரிவுரையாளர் ஒரு செக்கனுக்கு ஒருமுறை அவ்வெண் திரையில் எழுதப்படுமாறு செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கின்றார். எண் 1000, 2000 என ஏறி 40,000ஐ அணுகும்போது திடீரெனப் பூச்சியத்துக்கு வீழ்கின்றது. எவரும் எதையும் தொடவில்லை. மீண்டும் ஏறுகின்றது, மீண்டும் வீழ்கின்றது. உள்ளீட்டுச் சாதனங்கள் ஒவ்வொன்றும் எழுப்பும் நிகழ்வுகளை வரிவரியாகக் காட்டும் லிப்இன்புற் கருவியை இயக்கும்போது, அவ்வீழ்ச்சி ஒவ்வொன்றிலும் சுட்டியின் பெயர் தோன்றுகின்றது. சுட்டியின் அடியிலுள்ள ஒளியுணரி, தான் வைக்கப்பட்டிருக்கும் மேற்பரப்பின் நுண்ணிய கோலங்களைக் கொண்டே அசைவை அறிவது. கண்ணாடியிலோ பளபளப்பான பரப்பிலோ அது கோலத்தைத் தெளிவாகக் காணாமையால், அசையாதிருக்கும்போதே ஓரிரு புள்ளியளவு அசைந்ததாகக் கருதிவிடுதல் உண்டு. அம்பு நகர்ந்ததைக் கண் காணாது, கணினி காணும். சுட்டியின் கீழ் ஒரு கடதாசியை வைத்தவுடன் எண் தடையின்றி ஏறத்தொடங்குகின்றது. திரை இன்னும் உறங்கவில்லை. ஆயினும் ஒரு காரணம் ஒழிந்தது என்பது இப்போது ஊகமன்று, அளவீடு.

இரண்டாவது காரணம் வேறு வகையினது. செயலி ஒன்று, திரையை உறங்கவிடவேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளுதற்கு முறையான வழியொன்று உண்டு. முற்காலத்தில் அவ்வழி செப்பமாக இருக்கவில்லை. காணொளி இயக்கிகள் சில, குறுகிய இடைவெளிக்கு ஒருமுறை திரைக்காப்பின் கடிகாரத்தைத் தட்டிவிட்டு, பயனர் விசையைத் தொட்டது போன்ற பாவனையை உண்டாக்கின. எண் பூச்சியத்துக்கு வீழ்ந்துகொண்டே இருக்கும். வீழ்த்தியவர் யார் என்பது வெளித்தெரியாது. பின்னர் வகுக்கப்பட்ட முறையில், செயலி தன் பெயரையும் காரணத்தையும் எழுத்திற் கொடுத்து ஒரு தடையைக் கோருகின்றது. அதற்குப் பதிலாக ஓர் அடையாள எண்ணைப் பெற்றுக்கொள்கின்றது. வேலை முடிந்ததும் அவ்வெண்ணைத் திருப்பிக் கொடுத்துத் தடையை நீக்கவேண்டியது அதன் கடமை. செயலி இடையில் மடிந்துவிட்டாலும் அதன் தொடர்பு அறுபடுவதனால் தடை தானாக விலகும். கேட்பவர் உயிரோடிருக்கும் வரையிலேயே கோரிக்கைக்கும் உயிர் உண்டு.

இத்தடைக் கோரிக்கைகள் பதியப்படும் ஏடு ஒன்றன்று. முறைமை மட்டத்தில் சிஸ்ரம்டி ஓர் ஏட்டை வைத்துள்ளது. மேசைச்சூழல் தன் மட்டத்தில் மற்றோர் ஏட்டை வைத்துள்ளது. உதவி விரிவுரையாளர் முதலிற் பார்ப்பது சிஸ்ரம்டியின் ஏடு. அதில் வலையமைப்பு முகாமையாளர், மின்நிலை கண்காணிப்பாளர் முதலிய பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றையெல்லாம் நிறுத்திவிடவேண்டும் என்ற எண்ணம் எழுதல் இயல்பு. ஆயின் ஒவ்வொரு வரியிலும் எது தடுக்கப்படுகின்றது, எவ்வகையில் தடுக்கப்படுகின்றது என்னும் இரு நிரல்கள் உள்ளன. இப்பெயர்களுக்கு எதிரே தாமதம் என்றே குறிக்கப்பட்டுள்ளது. தடுப்பு என்று குறிக்கப்படவில்லை. கணினி உறங்கச் செல்லும் முன் வலையமைப்பைத் துண்டித்தல் முதலிய சிறு வேலைகளை முடித்துக்கொள்ளச் சில செக்கன் அவகாசம் வேண்டும் என்பதே இவற்றின் கோரிக்கை. இயல்பமைப்பில் அவ்வவகாசத்தின் உச்ச எல்லை 5 செக்கன். மேலும் இவை தாமதிப்பது கணினியின் உறக்கத்தையே; திரையின் அணைவை அல்ல. பட்டியலில் பெயர் இருப்பதொன்றையே கொண்டு குற்றஞ்சாட்டுதல் எத்துணைத் தவறானது என்பதற்கு இவ்வேடு நல்ல சான்று.

மேசைச்சூழலின் ஏட்டிலேயே உண்மை இருந்தது. அங்கே உலாவியின் பெயர் நிற்கின்றது. இரண்டு நாள்களுக்கு முன்னர் நடைபெற்ற இணையவழிக் கூட்டமொன்றின் பக்கம், ஏனைய பக்கங்களோடு தனிச் சாளரமொன்றில் திறந்தே கிடந்தது. பங்குபற்றியோர் எல்லோரும் விடைபெற்றுச் சென்றுவிட்டனர். இவருடைய இணைப்பு மட்டும் வெறும் கூட்டத்தில் எஞ்சியிருந்தது. கூட்டம் நடைபெறும்போது திரை அணையக்கூடாது என்ற கோரிக்கை நியாயமானதே. கூட்டம் முடிந்ததை உலாவி அறிய வழியில்லை. ஏனெனில் அதனளவில் கூட்டம் முடியவில்லை. உலாவியை முன்னர் மூடி மீண்டும் திறந்தபோதும், பழைய பக்கங்களை மீட்டுத் தரும் வசதியினால் கூட்டமும் மீண்டும் வந்துவிட்டது. அப்பக்கத்தை மூடிய 5 நிமிடத்தில் திரை அணைகின்றது; பூட்டும் விழுகின்றது. அவர் சுட்டியை மீண்டும் கண்ணாடியின் மேல் வைத்துப் பார்க்கின்றார், திரை உறங்கவில்லை. கடதாசியை இடுகின்றார், உறங்குகின்றது. காரணத்தை நீக்கிக் குணங்காணுதலோடு அமையாது, காரணத்தை மீளவைத்து நோயையும் மீளக்கண்ட பின்னரே அவர் ஆராய்வை முடிக்கின்றார்.

எக்ஸ் முறைமையின் இடத்தை இன்று படிப்படியாக வேலண்ட் என்னும் முறை பெற்றுவருகின்றது. 2008இல் தொடங்கப்பட்ட இதனை முதன்மையான மேசைச்சூழல்கள் இயல்பமைப்பாகவே கொண்டுள்ளன. இதில் எக்ஸ்செற் முதலிய பழைய கருவிகள் பயன்படா. எக்ஸின் தனிக் கடிகாரங்களும் இல்லை. சாளரங்களை இணைத்துக் காட்டும் செயலியே உறக்கத்தையும் முடிவுசெய்கின்றது. விளக்கணைக்கும் பொறுப்பு ஐவரிலிருந்து ஓரிருவருக்குக் குறைந்துள்ளது எனலாம். இம்முறைக்கென வகுக்கப்பட்ட தடைநெறியில் கருதத்தக்க ஏற்பாடொன்று உண்டு. தடைக்கோரிக்கை செயலிக்கு உரியதாகாது, அச்செயலி திரையிற் காட்டும் பரப்புக்கு உரியதாகின்றது. அப்பரப்பு மறைக்கப்பட்டோ சுருக்கப்பட்டோ பயனரின் கண்ணுக்குத் தெரியாது போகுமாயின், தடையும் வலிமை இழக்கும். காணப்படாத ஒன்றைக் காட்டுதற்காகத் திரை விழித்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் நியாயம்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, உறங்காத திரை கீழ்ப்படியாத திரை அன்று என்பது புலனாகும். அது எப்போதும் எவருக்கோ கீழ்ப்படிந்துகொண்டே இருக்கின்றது. ஆகவே ஏன் உறங்கவில்லை என்ற வினாவை விட, எவர் விழித்திருக்கச் சொல்கின்றார் என்ற வினாவே பயனுடையது. முன்னைய வினா இயந்திரத்தின்மீது சினத்தை வளர்க்கும். பின்னையது தேடவேண்டிய திசையைக் காட்டும். மறுப்பவர் தம் பெயரையும் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்ற ஒழுங்கு மென்பொருளில் ஏற்பட்டமை, பயனர்க்குக் கிடைத்த உரிமையாகும். அவ்வுரிமையைப் பயன்படுத்துதற்கு ஏட்டைத் திறந்து வாசிக்கும் பழக்கமே வேண்டப்படுவது. பல்கலைக்கழகத் துறைகளிற் பலர் பங்கிடும் கணினிகளுக்குப் பொறுப்பாயுள்ளோர், திரை பூட்டப்படும் நேரத்தை அமைத்துவிட்டதோடு கடமை முடிந்ததெனக் கொள்ளாது, குறித்த நேரத்தில் அது உண்மையிற் பூட்டப்படுகின்றதா என்பதை அருகே நின்று ஒருமுறை பார்த்தல் நன்று.

எனினும் ஏட்டின் எல்லையும் உணரத்தக்கது. கூட்டத்தின் பெயர் ஏட்டில் இருந்தது. கண்ணாடிமேல் நடுங்கிய சுட்டியின் பெயர் எந்த ஏட்டிலும் இருக்கவில்லை. அது எவரிடமும் அனுமதி கேட்கவில்லை; தான் தடுக்கின்றேன் என்பதையும் அறியவில்லை. கேட்டுத் தடுப்பவரை வாசித்து அறியலாம். கேளாது தடுப்பவரையோ, ஏறிவரும் எண்ணொன்று எங்கே வீழ்கின்றது எனப் பொறுமையோடு பார்த்திருந்தே அறியவேண்டியுள்ளது.